ஐம்பது டாலர் மொய்

உங்களுக்கு நியூயார்க் மாநகராட்சியில் வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பூங்காத் துறை. சிறுவர் பூங்காக்களுக்கு ஊஞ்சல், சறுக்குமரம், ரப்பர் தரை எல்லாம் வாங்கிப் போடுகிற பிரிவில் பொறியாளர். டெண்டர் திறப்பது வேறு யாரோ. ஆனால் வந்திறங்கிய ஊஞ்சலின் சங்கிலி சொன்ன தடிமனில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். நீங்கள் தலையை ஆட்டினால்தான் கம்பெனிக்குப் பில் பாஸாகும்.

ஜனவரியில் கம்பெனி ஆள் வருகிறார். சைட் பார்த்து முடிப்பதற்குள் மதியமாகிவிடுகிறது. பக்கத்துக் கடையில் சேர்ந்து சாப்பிடுகிறீர்கள்; நீங்கள் பர்ஸை எடுப்பதற்குள் அவர் கார்டை நீட்டிவிடுகிறார். உங்கள் பங்கு 22 டாலர். ஜூன் மாதம் கம்பெனிப் பெயர் போட்ட டி-ஷர்ட்டும் தொப்பியும் தருகிறார், 15 டாலர் பெறும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் என்று சொல்லி ஒரு சாக்லேட் பெட்டி, 14 டாலர். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கூட்டிப் பாருங்கள், 51. நீங்கள் மாநகர சாசனத்தை மீறிவிட்டீர்கள்.

விதி இதுதான். மாநகராட்சியோடு வியாபாரத் தொடர்பு வைத்திருப்பவர், அல்லது வைத்துக்கொள்ள முயல்பவர் என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து, 12 மாதத்தில் எல்லாம் சேர்த்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள எதையும் வாங்கக் கூடாது. 50 என்றால் 50-ம் குற்றம்தான்; 49-ல் நின்றுகொள்ள வேண்டும். பொருள், சாப்பாடு, மேட்ச் டிக்கெட், தள்ளுபடி, விமானத்தில் வசதியான சீட்டு, எதுவாக இருந்தாலும் கணக்கில் ஏறும். கொடுத்தவர் உங்கள் துறையோடுதான் வியாபாரம் செய்ய வேண்டும் என்பதில்லை. தீயணைப்புத் துறைக்குக் குழாய் விற்பவர் பூங்காத் துறைப் பொறியாளருக்குப் பேஸ்பால் டிக்கெட் கொடுத்தாலும் அதே கணக்கு. இன்னொன்று, அவர் உங்களிடம் எதுவும் கேட்டிருக்க வேண்டியதில்லை, நீங்கள் எதுவும் செய்து கொடுத்திருக்கவும் வேண்டியதில்லை. வாங்கினீர்களா, முடிந்தது. சில துறைகள் இதைவிடக் கறார். அங்கே 49-க்கும் இடமில்லை.

இப்போது கொஞ்சம் சிக்கலான இடத்துக்கு வருவோம். உங்கள் மகளுக்குக் கல்யாணம். குவீன்ஸில் ஒரு மண்டபம், வாழையிலைச் சாப்பாடு, நம்மவர் கூட்டம். ஊஞ்சல் கம்பெனிக்காரரும் கோட்டு சூட்டோடு வந்து, மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு, 101 டாலர் வைத்த கவரை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். வாங்கலாமா?

குடும்ப விசேஷங்களில் உறவினரும் நெருங்கிய நண்பரும் வழக்கமாகத் தருகிற அன்பளிப்புக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் உறவுதான் காரணம், உத்தியோகம் காரணமில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். அந்த நாற்காலியில் நீங்கள் இல்லாவிட்டாலும் அவர் பந்தியில் உட்கார்ந்திருப்பாரா? கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர் என்றால் ஆமாம். போன வருஷம் டெண்டர் எடுத்த பிறகு அறிமுகமானவர் என்றால் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இந்த விதியின் நியாயத்தை நியூயார்க்காரர்களைவிட நமக்கு விளக்குவது சுலபம் என்று எனக்குத் தோன்றும். மொய் நோட்டு வைத்திருக்கிற சமூகம் இது. ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதி, மூட்டை கட்டிப் பரணில் வைத்து, அவர் வீட்டு விசேஷத்துக்கு முதல் நாள் எடுத்துப் பார்த்து, அவர் எழுதியதோடு கொஞ்சம் கூட்டி எழுதுகிறோம். கை நீட்டி வாங்கியது எதுவும் சும்மா வந்ததில்லை, திருப்ப வேண்டிய ஒன்று என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஊஞ்சல் கம்பெனிக்காரருக்குக் கல்யாண வயதில் மகள் இல்லை. அப்புறம் எதை வைத்துத் திருப்புவீர்கள்? சங்கிலியின் தடிமனை வைத்துத்தான்.

ஒப்பந்ததாரர் விஷயத்திலாவது 49 டாலர் வரை மூச்சுவிடலாம். செய்கிற வேலைக்குப் பொதுஜனம் தருகிற டிப்ஸ் விஷயத்தில் ஒரு டாலருக்கும் இடமில்லை. மாநகராட்சி வேலைக்கு மாநகராட்சிதான் சம்பளம் தர வேண்டும், வேறு யாரும் தரக் கூடாது என்பது தனி விதி. கடைக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டு, எடுக்கக் கூடாத கடைக் குப்பையை வண்டியில் ஏற்றிய துப்புரவு ஊழியர்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள். நம்மூர் தீபாவளி இனாம் அங்கே கிறிஸ்துமஸ் இனாமாக நீளும், வாங்கினால் வம்பு. பள்ளி ஆசிரியருக்கு மட்டும் கொஞ்சம் இளக்கம் உண்டு. மாணவர் வீட்டிலிருந்து அன்பின் அடையாளமாக வருகிற, பெரிய மதிப்பில்லாத சின்னப் பொருளை வாங்கிக்கொள்ளலாம்.

மாலையில் என்னோடு டீ குடிக்கிற அண்ணன் ஒருவர் நகராட்சியில் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவையும் கேட்டுவிட்டு, "ஏன் தம்பி, கோடிக் கணக்குல அடிக்கிறவனை விட்டுட்டுச் சாக்லேட்டுப் பெட்டியப் பிடிக்கிறதுக்கு ஒரு சட்டமா?" என்றார். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

கோடி அடிக்கிறவரைப் பிடிக்க வேறு சட்டம் இருக்கிறது. லஞ்சச் சட்டம். அது போலீஸ், நீதிமன்றம், சிறை சம்பந்தப்பட்டது. இதற்காக இதைக் கொடுத்தார், அதற்காக அவர் அதைச் செய்தார் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும். நம்மூரில் ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்து, வாங்கிய கையைக் கரைசலில் முக்கி, தண்ணீர் இளஞ்சிவப்பாகிறதா என்று சாட்சி வைத்துப் பார்க்கிறார்களே, அது அந்த முடிச்சுக்காகத்தான். நான் சொல்லிக்கொண்டிருக்கும் சட்டம் அந்த முடிச்சைத் தேடவே இல்லை. எதிரில் இருப்பவர் திருடர் என்று அது நினைப்பதில்லை. யோக்கியமானவர்தான், ஆனால் அவரை இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்கிறது. நல முரண் என்கிறார்கள். கயிறு கட்டப்படுவதற்கு முன்பே தடுத்துவிட வேண்டும் என்பதுதான் இதன் குறி.

இந்தப் புத்தி நியூயார்க்குக்குச் சும்மா வரவில்லை. மன்ஹாட்டனில் மேயர் அலுவலகத்துக்குப் பின்னால் சேம்பர்ஸ் தெருவில் ஒரு பழைய நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. இன்றும் அதற்கு ட்வீட் கோர்ட்ஹவுஸ் என்றுதான் பெயர். டாமனி ஹால் என்ற கட்சி இயந்திரத்தின் தலைவர் வில்லியம் ட்வீட், 1861-ல் தொடங்கிய அந்தக் கட்டுமானத்தைக் கறந்து தீர்த்தார். பூச்சு வேலைக்காரர் ஒருவர் இரண்டே நாள் வேலைக்கு 1,30,000 டாலருக்கு மேல் பில் போட்டு வாங்கினார் என்பது அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் சந்தி சிரித்த செய்தி. ட்வீட் 1878-ல் சிறையில் செத்தார். அந்த ஊழலின் சூட்டில் 1873-ல் பிறந்ததுதான் மாநகராட்சியின் விசாரணைத் துறை. இப்போது அந்தக் கட்டடத்தில் பள்ளிக் கல்வித் துறை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் வகுக்கிறவர்கள் உட்கார இதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது.

ட்வீடைவிட எனக்குச் சுவாரசியமான ஆள் அவருக்குப் பின்னால் வந்த ஜார்ஜ் வாஷிங்டன் ப்ளங்கிட். டாமனிக்காரர், மாநில செனட்டராகவும் இருந்தவர். அதே நீதிமன்ற வளாகத்தில் பூட் பாலிஷ் போடுகிற மேடையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அரசியல் பாடம் நடத்துவார். ஒரு பத்திரிகையாளர் எழுதி வைத்து 1905-ல் புத்தகமாகவே போட்டார். அதில் ப்ளங்கிட் ஒளிக்காமல் சொல்கிற ஒரு தத்துவம் உண்டு. ஊழலில் யோக்கியமானது, அயோக்கியமானது என்று இரண்டு வகை. கஜானாவில் கை வைப்பது அயோக்கியம். எந்த இடத்தில் பூங்கா வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, சுற்றியுள்ள நிலத்தை மலிவாக வாங்கிப் போட்டு, அரசு வரும்போது நல்ல விலைக்கு விற்பது யோக்கியம். யாரிடமும் திருடவில்லையே, புத்திசாலித்தனம்தானே என்பது அவர் வாதம்.

வட்டச் சாலை வரப்போகிறது, பஸ் நிலையம் மாறப்போகிறது என்று காதில் விழுந்த மறுநாளே தரிசு நிலத்தில் கலர்க் கொடி நட்டு மனை பிரிக்கப்படுவதைப் பார்த்திருக்கிற நமக்கு ப்ளங்கிட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. அவர் செய்தது அன்றைய சட்டப்படி லஞ்சம் இல்லை. யாரும் யாருக்கும் நோட்டு நீட்டவில்லை. லஞ்சச் சட்டத்தை எவ்வளவு இறுக்கினாலும் ப்ளங்கிட் அதில் மாட்டமாட்டார். அவரைப் பிடிக்க வேண்டுமென்றால், பதவியால் தெரிந்த ரகசியத்தைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தாதே, பதவியை வைத்து உனக்கோ உன்னைச் சேர்ந்தவர்களுக்கோ ஆதாயம் தேடாதே என்று வேறு மாதிரி ஒரு சட்டம் எழுத வேண்டும். அண்ணனிடம் இதைத்தான் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "ப்ளங்கிட்டுங்க நம்ம ஆபீஸ்லயும் ரெண்டு பேர் இருந்தாங்க" என்றார். பெயர் கேட்கவில்லை.

அப்படி ஒரு சட்டத்தை எழுதுவதற்கு நியூயார்க் எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சநஞ்சமல்ல. 1959-ல் ஒரு நெறிமுறை வாரியம் அமைத்தார்கள். அதற்கு ஆலோசனை சொல்ல வாய் இருந்தது, தண்டிக்கக் கை இல்லை. 1986-ல் குட்டு உடைந்தது. வாகன நிறுத்த அபராதத்தை வசூலிக்கும் ஒப்பந்தங்களுக்காகத் தனியார் கம்பெனிகள் கட்சிப் பெரிய தலைகளுக்குக் கப்பம் கட்டியது வெளியே வந்தது. குவீன்ஸ் பகுதியின் தலைவராக இருந்த டொனால்ட் மேனஸ் அந்த மார்ச்சில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிராங்க்ஸ் பகுதிக் கட்சித் தலைவர் ஸ்டான்லி ஃப்ரீட்மன் மீது வழக்கு நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்தவர் ருடால்ஃப் ஜூலியானி என்ற அரசு வழக்கறிஞர். பிற்பாடு மேயரான அதே ஜூலியானிதான். அந்த அவமானத்துக்குப் பிறகு 1988 நவம்பரில் மக்கள் வாக்களித்துச் சாசனத்தைத் திருத்தினார்கள். சாசனத்தின் 68-வது அத்தியாயம் புதிதாக எழுதப்பட்டது. பழைய வாரியம் போய், அபராதம் போடும் அதிகாரத்தோடு நல முரண் வாரியம் வந்தது. ஐந்து உறுப்பினர்கள், ஆறாண்டுப் பதவி. இன்று ஒரு மீறலுக்கு 25,000 டாலர் வரை அபராதம் போடலாம். தவறாகக் கிடைத்த ஆதாயத்தையும் கக்க வைக்கலாம். மேயரிலிருந்து துப்புரவு ஊழியர்வரை சுமார் 3 லட்சம் பேருக்கு ஒரே அத்தியாயம்தான்.

உன்னைச் சேர்ந்தவர்கள் என்றேனே, அது யார் யார் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. கணவன் அல்லது மனைவி, சேர்ந்து வாழும் துணை, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள். அதோடு உங்களோடு பணத் தொடர்பு உள்ள யாரும். கூட்டு வியாபாரி, கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர், உங்கள் வீட்டில் குடியிருப்பவர் இவர்களெல்லாம் அதில் வந்துவிடுவார்கள். அவ்வளவுதான் பட்டியல். சித்தப்பா இல்லை, மாமா இல்லை, மச்சான் இல்லை, சம்பந்தி இல்லை. "அப்போ நம்மூருக்கு ஆவாது. இங்க காண்ட்ராக்ட் எடுக்கிறதே மச்சான்தானே" என்று அண்ணன் சிரித்தார். பினாமி என்ற கலையில் நாம் எட்டியிருக்கிற தூரத்துக்கு அந்தப் பட்டியல் போதாதுதான். ஆனால் அந்தச் சின்னப் பட்டியலே ஒரு மேயரைச் சங்கடத்தில் மாட்டியது.

2022 ஜனவரியில் எரிக் ஆடம்ஸ் மேயரானதும், காவல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தன் தம்பி பெர்னார்டைத் தன் பாதுகாப்புப் பொறுப்பில் உட்கார வைக்கப் பார்த்தார். ஆண்டுக்கு 2,10,000 டாலர் சம்பளம் என்று செய்தி வந்தது. ஊரே பேசியது. மேயர் சொன்ன காரணம் கேட்க உருக்கமாகத்தான் இருந்தது: என் உயிரை ஒப்படைக்க என் தம்பியைவிட நம்பிக்கையானவர் யார்? வாரியத்திடம் போய்க் கேட்டார்கள். வாரியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பி இருக்கலாம், ஆனால் ஆலோசகராக மட்டும். காவல் துறையில் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது. ஆண்டுச் சம்பளம் 1 டாலர் என்றது. இதற்கு இருபது ஆண்டுக்கு முந்தைய முன்னுதாரணமும் இருந்தது. மைக்கேல் ப்ளூம்பெர்க் மேயராக இருந்தபோது, ஐ.நா. சபை விவகாரங்களுக்கான ஆணையராகத் தன் சகோதரியை நியமித்தார். சம்பளமில்லாமல், வாரியத்தின் அனுமதியோடு.

இதில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு டாலர்தான். வாரியம் அண்ணன் தம்பிப் பாசத்தைச் சந்தேகிக்கவில்லை. பாசம்தான் காரணம் என்றால் பாசத்துக்காகவே வேலை செய்யட்டும், நகரத்தின் பணம் எதற்கு என்று கேட்டது. பெர்னார்ட் ஓராண்டு அளவில் விலகிவிட்டார்.

மேலதிகாரி கீழதிகாரி விஷயத்துக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். ஏனென்றால் அன்றாடம் சாதாரண ஊழியர் மாட்டுவது இங்கேதான். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரோடு எந்தப் பணத் தொடர்பும் கூடாது. கடன் வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. இருவரும் சேர்ந்து தொழில் நடத்தக் கூடாது. உங்கள் மனைவி விற்கிற அழகுசாதனப் பொருளின் விலைப்பட்டியலை அவர் மேஜையில் வைக்கக் கூடாது. உங்கள் மாடி போர்ஷனை அவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. கட்சி நிதிக்கு அவரிடம் கையேந்தவே கூடாது. ஆபீஸ் சீட்டு என்று ஒன்று நடத்துகிறோமே, மேனேஜர் தலைமையில் இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஏலம் விட்டு? அதை நியூயார்க்கில் நடத்தினால் இரண்டாவது ஏலத்துக்கு முன்பே வாரியத்திடமிருந்து ஓலை வரும் என்பது என் கணிப்பு.

கீழே இருப்பவர் விரும்பித்தானே கொடுத்தார் என்ற சமாதானம் எடுபடாது. மேலதிகாரி ஆயிரம் டாலர் கைமாற்றுக் கேட்டால், கீழே இருப்பவரால் முடியாது என்று சொல்ல முடியுமா? அப்புறம் அவர் லீவு கேட்டு வரும்போது மேலதிகாரியால் முடியாது என்று சொல்ல முடியுமா? இரண்டு வாயும் கட்டப்படுகின்றன. ஆனால் சட்டம் மனிதர்களை மறந்துவிடவும் இல்லை. அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெறும்போதோ, கல்யாணத்துக்கோ, எல்லோரும் சேர்ந்து பணம் போட்டுப் பரிசு வாங்கிக் கொடுக்கலாம். அவர் மேலதிகாரியாக இருந்தாலும்.

அலுவலகப் பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கார், லெட்டர்ஹெட், அடையாள அட்டை, கம்ப்யூட்டர், வேலை நேரம் எல்லாம் நகரத்தின் சொத்து. வேலை நேரத்தில் சொந்தமாக ரியல் எஸ்டேட் நடத்தியவர்கள், அரசுக் காரில் உல்லாசப் பயணம் போனவர்கள் என்று அபராதப் பட்டியல் நீளம். முடிந்த வழக்குகளைப் பெயர், பதவி, என்ன செய்தார் என்ற விவரத்தோடு வாரியம் வெளியிட்டுவிடுகிறது. ஆயிரம் டாலர் அபராதத்தைவிட அதுதான் பலருக்கும் உறைக்கும்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அபராதத்தில் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அது ஒரு தொலைபேசி எண்ணில் இருக்கிறது. வாரியத்தில் ஒவ்வொரு வேலை நாளும் ஒரு வழக்கறிஞர் பதில் சொல்வதற்கென்றே இருப்பார். மூன்று லட்சம் பேரில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். இந்தக் கம்பெனிக்காரர் கல்யாணத்துக்கு வருகிறார், என்ன செய்ய? சாயங்காலம் ட்யூஷன் எடுக்கலாமா? என் தங்கை வேலை பார்க்கிற நிறுவனம் எங்கள் துறையிடம் மானியம் கேட்கிறது, நான் அந்தக் கோப்பிலிருந்து விலகிக்கொள்ள வேண்டுமா? கேட்டது யார், என்ன கேட்டார் என்பது வெளியே போகாது. உண்மையை மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லி, எழுத்தில் ஆலோசனை வாங்கி, அதன்படியே நடந்தால் பிற்பாடு யாரும் உங்கள்மேல் கை வைக்க முடியாது. ஒரே நிபந்தனை, செய்வதற்கு முன் கேட்க வேண்டும். செய்துவிட்டு வந்து கேட்டால் அது ஆலோசனை ஆகாது, ஒப்புதல் வாக்குமூலம்.

நம் அலுவலகங்களில் நடத்தை விதிகள் இல்லாமல் இல்லை. ஒப்பந்தத்தில் தனக்குப் பங்கு வைத்திருக்கும் கவுன்சிலரின் பதவியையே பறிக்க நம் சட்டத்திலும் இடமுண்டு. அண்ணனைக் கேட்டேன்: உங்கள் சர்வீஸில் இப்படி ஒரு சந்தேகம் வந்திருந்தால் யாரிடம் கேட்டிருப்பீர்கள்? கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "கேட்டா நாம ஏதோ பண்ணிட்டோம்னு நெனப்பாங்களே தம்பி. அதனால யாரும் கேக்க மாட்டோம்." முப்பது வருஷ அனுபவத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

கேட்டும் கேட்காதவர் கதை ஒன்று இருக்கிறது. 2019-ல் மேயர் பில் டி பிளாசியோ அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக நிற்கக் கிளம்பினார். நான்கு மாதம் மாநிலம் மாநிலமாகச் சுற்றினார். மேயர் என்பதால் போலீஸ் பாதுகாப்பு கூடவே போக வேண்டும். அந்தச் செலவு யார் தலையில்? வாரியம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. போலீஸ்காரர்களின் சம்பளத்தையும் ஓவர்டைமையும் நகரம் கொடுக்கலாம். அவர்களுடைய விமான டிக்கெட், ஹோட்டல் வாடகை, சாப்பாட்டுச் செலவை நகரத்தின் தலையில் கட்டக் கூடாது, அது சொந்த அரசியல் பயணம். பிரித்த விதம் நுட்பமானது. போலீஸ்காரர் மேயரை எங்கே இருந்தாலும் காக்கத்தான் போகிறார், அதற்குச் சம்பளம் உண்டு. வெளி மாநிலத்துக்கு விமானம் ஏறியது மட்டும் வேட்பாளருக்காக.

டி பிளாசியோ செலவை நகரத்தின் கணக்கிலேயே விட்டார். 2023 ஜூனில் வாரியம் தீர்ப்பளித்தது. 31 பயணங்கள், நகரம் செலவழித்த 3,19,794 டாலர் 20 சென்ட்டைத் திருப்பிக் கட்டு; பயணத்துக்கு 5,000 வீதம் 1,55,000 டாலர் அபராதம். இருபது சென்ட்டைக்கூட விடவில்லை பாருங்கள். வாரியத்தின் வரலாற்றிலேயே பெரிய தொகை. அவர் நீதிமன்றம் போனார். பின்னர் சமரசத்தில் அபராதம் வெகுவாகக் குறைந்தது, செலவுத் தொகையைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார்.

துப்புரவு ஊழியருக்கும் மேயருக்கும் ஒரே அத்தியாயம் என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டுவார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. குப்பை அள்ளுபவர் கேட்கத் தெரியாமல் மாட்டுகிறார். மேயர் பதில் கையில் இருக்கும்போதே மீறுகிறார்; தீர்ப்பு வரும்போது பதவியிலேயே இல்லை. நான்கு வருஷம் ஓடிவிட்டது. சாசனத்திலேயேகூட மேலே இருப்பவர்களுக்குச் சில சன்னல்கள் திறந்திருக்கின்றன. தனக்கு ஆதாயம் உள்ள விஷயம் வந்தால் சாதாரண ஊழியர் அந்தக் கோப்பைத் தொடவே கூடாது. நகர மன்ற உறுப்பினர், எனக்கு இதில் ஆதாயம் உண்டு என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு வாக்களிக்கலாம். அவரைத் தேர்ந்தெடுத்த மக்களின் குரல் அவையில் இல்லாமல் போய்விடக் கூடாது என்பது காரணம். ஏற்கத்தக்க காரணம்தான். ஆனாலும் உறுத்துகிறது.

வேலையை விட்டுப் போனாலும் விதி கொஞ்ச தூரம் கூடவே வரும். நீங்கள் ஓய்வு பெற்றதும் ஊஞ்சல் கம்பெனி நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடலாம், நீங்களும் போகலாம். ஆனால் ஓராண்டுக்குக் கம்பெனி சார்பாகப் பழைய துறையோடு பேசக் கூடாது. போன் போடுவதும் மெயில் அனுப்புவதும் அதில் அடக்கம். நீங்களே கையெழுத்துப் போட்ட அந்தக் குறிப்பிட்ட ஒப்பந்தத்தில் மட்டும் கம்பெனிக்காக வேலை செய்ய ஆயுளுக்கும் தடை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும் பெரிய பதவியில் இருந்தவர்களுக்கும் அந்த ஓராண்டை ஈராண்டாக்கியது 2019-ல் மக்கள் வாக்களித்த திருத்தம்.

அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது. அதுவரை வாரியத்தின் ஐந்து பேரையும் நகர மன்றத்தின் ஒப்புதலோடு மேயரே நியமித்து வந்தார். மேயரைத் தட்டிக் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் மேயர் கை காட்டிய ஆட்கள். இப்போது மூன்று பேர்தான் மேயரின் தேர்வு. ஒருவரை நகரத்தின் கணக்குக் கட்டுப்பாட்டாளரும், இன்னொருவரை மக்கள் குறைகளைக் கேட்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்படும் பப்ளிக் அட்வகேட்டும் நியமிக்கிறார்கள். இருவருமே மேயரிடமிருந்து தனியாகத் தேர்தலில் நின்று வந்தவர்கள்.

"சரி தம்பி, துப்பு துலக்குறது யாரு?" என்றார் அண்ணன். இத்தனை வருஷம் அரசாங்கத்தில் இருந்தவருக்கு எங்கே தட்ட வேண்டும் என்று தெரிகிறது. வாரியத்துக்குச் சொந்தமாகப் புலனாய்வாளர்கள் கிடையாது. 1873-ல் பிறந்த அந்த விசாரணைத் துறையிடம்தான் புகாரை அனுப்ப வேண்டும். அதன் ஆணையரை நியமிப்பவர் மேயர். வாரியத்துக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குவது மேயரும் நகர மன்றமும், அதாவது அந்த வாரியம் கண்காணிக்க வேண்டிய அதே ஆட்கள். எங்கள் பட்ஜெட்டை அவர்கள் கையில் விடாதீர்கள், இவ்வளவு பங்கு என்று சாசனத்திலேயே எழுதி வையுங்கள் என்று வாரியம் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2019-ல் வாரியத்தைத் திருத்தியபோதும் அந்த வரியை யாரும் சேர்க்கவில்லை.